முதல் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல்: சின்னக் கைக்கு எது ஒத்துவரும்?

புதுவிரல்:

எல்லோருக்கும் வணக்கம். பயிற்சிக் கழகத்தில் அடிப்படைப் பாதுகாப்பு வகுப்பு முடிந்துவிட்டது, உரிமத்துக்கான நடைமுறையும் போய்க்கொண்டிருக்கிறது. சொந்தமாக ஒரு செமி ஆட்டோ பிஸ்டல் எடுக்க வேண்டும். இலக்குப் பயிற்சிக்கு மட்டும்தான். கை பழகியதும் ஐ.பி.எஸ்.சி. (சர்வதேச நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) மாதிரியான போட்டிகளில் இறங்கிப் பார்க்கும் ஆசை உண்டு. இடுப்பில் வைத்துக்கொண்டு திரியும் தேவை கிடையாது.

என் கை சிறியது, விரல்கள் குட்டை, பிடிமான வலுவும் குறைவுதான். இப்போது மனதில் இருப்பவை கிளாக் 19, சி.இசட். 75, அப்புறம் "பெண்களுக்குக் கைக்கு அடக்கமாக இருக்கும்" என்று எல்லோரும் காட்டும் குட்டி .380 மாடல்களில் ஒன்று.

முதலில் சின்னத் தோட்டாவான .22 எடுத்துப் பழகிவிட்டு 9 எம்எம்முக்குப் போவதா, நேராக 9 எம்எம்மா? சேஃப்டி லீவர் இல்லாத பிஸ்டல் புதியவர் கையில் ஆபத்தா? வாங்கும் முன் கையில் எடுத்து எதையெல்லாம் சோதிக்க வேண்டும்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

---

நேர்கோடு:

வணக்கம் சகோதரி. முதலில் அந்த .380 குட்டியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்பது புதியவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகளிலேயே மோசமானது.

காரணம் எளிய இயற்பியல். ஒரே தோட்டாவைச் சுட்டால், பின்னுதைப்பின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 900 கிராம் பிஸ்டலோடு ஒப்பிட்டால் 600 கிராம் பிஸ்டல் ஒன்றரை மடங்கு உதைக்கும். .380 ஏ.சி.பி. தோட்டா 9×19-ஐ (வழக்கமான 9 எம்எம் தோட்டா) விட வலுக் குறைந்ததுதான். ஆனால் ரூகர் எல்.சி.பி. போன்ற பாக்கெட் மாடல் சுமார் 270 கிராம். தோட்டாவில் குறைந்த உதையை எடைக் குறைவு திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கூடவே, அந்தக் குட்டைப் பிடியில் சுண்டுவிரல் நிற்க இடமிருக்காது, இன்னொரு கையின் உள்ளங்கை பதிய இடமிருக்காது. உதை முழுவதும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையில் போய் முட்டும்.

வால்தர் பி.பி.கே. போன்ற பழைய வகை .380-களில் வேறு சிக்கல். அவை புளோபேக் முறையில் இயங்குபவை. குழலும் ஸ்லைடும் (குழலை மூடி முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதி) பூட்டிக்கொள்வதில்லை, ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும் மட்டுமே அழுத்தத்தைத் தாங்குகின்றன. அதனால் ஸ்பிரிங் கடினமாக இருக்கும். குழல் சாய்ந்து பூட்டும் பிரவுனிங் முறையில் செய்த நடுத்தர 9 எம்எம்மை விட இந்தக் குட்டியின் ஸ்லைடை இழுப்பது பல சமயம் கஷ்டம். நீங்கள் குறிப்பிட்ட பிடிமானப் பிரச்சினைக்கு நேர் எதிரான கருவி இது.

குறிமுனைகளுக்கு (குறி பார்க்க மேலே இருக்கும் முன்குறி, பின்குறி) இடையிலான தூரத்தையும் பாருங்கள். கிளாக் 19-இல் அது சுமார் 150 மி.மீ. முன்குறி 1 மி.மீ. விலகினால் 10 மீட்டரில் குண்டு கிட்டத்தட்ட 67 மி.மீ. தள்ளிப் போகும். அந்த இடைவெளி 85 மி.மீ.தான் என்றால் அதே 1 மி.மீ. பிழை 118 மி.மீ. ஆகிவிடும். சரியாகச் செய்தும் இலக்கில் தெரியவில்லையே என்று புதியவர் சோர்ந்து போவது இதனால்தான்.

எனவே குழல் 100 முதல் 125 மி.மீ. வரை, எடை காலி மேகசினோடு (தோட்டா அடுக்கும், கழற்றக்கூடிய பெட்டி) 650 கிராமுக்கு மேல், மூன்று விரலும் முழுதாகப் பதியும் பிடி. இந்த எல்லைக்குள் தேடுங்கள். கிளாக் 19 காலி மேகசினோடு சுமார் 670 கிராம், சி.இசட். 75 பி ஏறக்குறைய 1 கிலோ. இரண்டுமே தகுதியானவை. உங்கள் கைக்கு எது என்பதைப் பிடித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கையில் எடுத்ததும் மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னால் பூட்டி, சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) கண்ணால் பார்த்து, சுண்டுவிரல் நுனியால் தொட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். விற்பவர் கண்ணெதிரே சோதித்துக் கொடுத்திருந்தாலும் நீங்களும் ஒருமுறை செய்யுங்கள். பிறகு, பாதுகாப்பான திசை எது என்று கேட்டு அந்தப் பக்கமே நீட்டுங்கள்.

உள்ளங்கைச் சதையைப் பிடியின் உச்சியில், இடைவெளி இல்லாமல் ஏற்றிப் பிடிக்கவும். மேலிருந்து பார்த்தால் குழலும் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அந்தக் கோட்டைக் கலைக்காமல் ஆள்காட்டி விரலை ட்ரிகரில் வையுங்கள். நுனிக்கும் முதல் மூட்டுக்கும் நடுவிலுள்ள சதைப்பகுதி ட்ரிகரின் நடுவில் உட்கார வேண்டும். நுனி மட்டும் எட்டினால் பிடி உங்களுக்குப் பெரிது. அழுத்தும்போது விரல் துப்பாக்கியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். விரலை எட்டவைக்கப் பிடியைச் சுற்றி நகர்த்தினால் உதை மணிக்கட்டுக்கு நேராக வராமல் கட்டைவிரல் மூட்டில் விழும். சில நூறு தோட்டாக்களில் மூட்டு வலிக்க ஆரம்பிக்கும்.

அடுத்து, கண்ணை மூடி, கைகளை இயல்பாக நீட்டி, கண்ணைத் திறங்கள். முன்குறி பின்குறியின் பள்ளத்துக்குள் இருக்கிறதா? உயர்ந்து நின்றால் அந்தப் பிடியின் சாய்வு உங்கள் மணிக்கட்டுக்கு ஒத்துவரவில்லை. கிளாக்கின் பிடிச் சாய்வு அதிகம், பலருக்கு முன்குறி மேலே தூக்கி நிற்கும். பழகினால் சரியாகிவிடும், ஆனால் முதல் நாளே ஒத்துவருவது இன்னொன்று இருக்கும்போது ஏன் பழக வேண்டும்?

நான்காம் தலைமுறையிலிருந்து கிளாக்கில் பின்பிடித் தகடுகள் மாற்றக்கூடியவை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி 2.0-இல் நான்கு அளவு வருகிறது. சிறியதைப் போட்டுச் சோதித்துப் பார்க்காமல் "பெரிதாக இருக்கிறது" என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

தோட்டா வகை? 9×19. அதற்கு மேல் யோசிக்காதீர்கள். .40-உம் .45-உம் முதல் துப்பாக்கிக்குத் தேவையே இல்லாத உதை. சில நாடுகளில் 9×19 ராணுவத் தோட்டா என்பதால் பொதுமக்களுக்குக் கிடையாது. அங்கே 9×21 போன்றவை உண்டு. உங்கள் உரிமம் எதை அனுமதிக்கிறது, மேகசினில் எத்தனை தோட்டா வரை என்பதை மாடல் தேர்வுக்கு முன்பே எழுத்தில் பார்த்துவிடுங்கள்.

---

இருபத்திரண்டு:

நேர்கோடு சொன்னதில் குட்டி .380 பற்றியதெல்லாம் சரி. "9×19, அதற்கு மேல் யோசிக்காதீர்கள்" என்பதில் மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. கேட்டவர் இலக்குப் பயிற்சி என்கிறார், இடுப்பில் வைக்கப் போவதில்லை என்கிறார். அவருக்கு முதல் துப்பாக்கி .22 எல்.ஆர்.தான்.

9 எம்எம் குண்டு சுமார் 8 கிராம், .22 குண்டு 2.6 கிராம். வேகமும் வெடிமருந்தும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஒரே எடைத் துப்பாக்கியில் .22-இன் உதை ஆற்றல் 9 எம்எம்மின் உதையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இதனால் கிடைக்கும் லாபம் சுகம் மட்டுமில்லை. புதியவர்களைக் கெடுக்கும் முதல் எதிரி, வெடிக்கப் போகிறது என்று உடல் முன்கூட்டியே சுருங்குவது. ட்ரிகர் விடுபடும் நொடியில் மணிக்கட்டு கீழே தள்ளும், வலக்கைக்காரர்களுக்குக் குண்டு இடது கீழே விழும். உதையும் சத்தமும் குறைவாக இருக்கும்போது மூளை இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்வதே இல்லை. ஒருமுறை கற்றுக்கொண்டுவிட்டால் கழற்றுவதற்கு மாதக்கணக்கில் பாடுபட வேண்டும்.

ரூகர் மார்க் 4 நல்ல தொடக்கம். அதில் குழலும் மேல்பகுதியும் ஒரே துண்டாக அசையாமல் நிற்கும், உள்ளே போல்ட் மட்டும்தான் ஓடும். குறிமுனைகள் நகராததால் துல்லியம் அதிகம். பின்னால் இரண்டு காதுகளைப் பிடித்துப் போல்ட்டை இழுப்பது பிடிமானம் குறைந்தவருக்கும் எளிது. மார்க் 3 வரைக்கும் சுத்தம் செய்யக் கழற்றி மாட்டுவது பெரும் தலைவலி. 2016-இல் வந்த மார்க் 4-இல் பின்புறப் பொத்தானை அழுத்தினால் மேல்பகுதி சாய்ந்து வந்துவிடும். பழையது வாங்கும்போது எண்ணைக் கவனியுங்கள். நாளைக்கு கிளாக் 19-க்குப் போகும் எண்ணம் உறுதியாக இருந்தால் கிளாக் 44 பொருத்தம். அதே வடிவம், அதே பிடி, .22 தோட்டா.

.22-க்கு அதற்கே உரிய குணங்கள் உண்டு, தெரிந்துகொண்டு வாங்குங்கள். இது ரிம்ஃபயர். பற்றவைக்கும் மருந்து தோட்டாக் கூட்டின் விளிம்பைச் சுற்றித்தான் இருக்கிறது. அது எல்லா இடத்திலும் சீராகப் பரவாததால், வெடிக்காத தோட்டா 9 எம்எம்மை விட அதிகம் வரும். "டிக்" என்று மட்டும் கேட்டால் துப்பாக்கியை இலக்கின் பக்கமே நீட்டிக் குறைந்தது 30 வினாடி காத்திருந்து, பிறகு வெளியே எடுங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு என்பதால்தான் இந்தக் காத்திருப்பு.

செமி ஆட்டோ .22-கள் தோட்டாவில் தேர்ந்தெடுத்துத் தின்னும். குறைந்த வேகத் தோட்டா போல்ட்டை முழுதாகப் பின்னுக்குத் தள்ளாமல் கூடு சிக்கும். நான்கைந்து பிராண்டில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்து, சிக்காமல் ஓடுவதை மட்டும் பிறகு மொத்தமாக வாங்குங்கள். மெழுகு பூசிய ஈயக் குண்டு என்பதால் அழுக்கு சீக்கிரம் சேரும். 300 முதல் 500 தோட்டாவுக்கு ஒருமுறை சேம்பர் வாயை நைலான் பிரஷால் துடைக்காவிட்டால் தோட்டா முழுதாக உள்ளே இறங்காது.

காலியாக வைத்து ட்ரிகர் அழுத்தும் டிரை ஃபயர் பயிற்சிக்கு முன் கையேட்டைப் படிப்பது கட்டாயம். பல .22-களில் தோட்டாவை அடிக்கும் ஊசி நேராகச் சேம்பரின் விளிம்பில் மோதிப் பள்ளம் விழுந்துவிடும். அதன்பின் தோட்டா ஒழுங்காக உள்ளே போகாது, கூடு ஒழுங்காக வெளியே வராது.

---

துருநீக்கி:

இரண்டு பேரும் சொல்வது சரிதான், கேள்விதான் வேறு வேறு. மாதம் நான்கு முறை களத்துக்குப் போய் நிறையச் சுட முடியும் என்றால் .22-இல் தொடங்குவது லாபம். ஒரே ஒரு துப்பாக்கிக்குத்தான் உரிமம், போட்டிக்கும் அதுவே வேண்டும் என்றால் கனமான 9 எம்எம். ஐ.பி.எஸ்.சி.யில் .22-ஐ வைத்துக் கைத்துப்பாக்கிப் போட்டியில் இறங்க முடியாது. குண்டின் எடையை கிரெயினிலும் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) வேகத்தை நொடிக்கு அடியிலும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 125-ஆவது வர வேண்டும்; 9 எம்எம் அதைச் சாதாரணமாகத் தாண்டும், .22 கிட்டவே வராது.

இனி சேஃப்டி லீவர் கேள்வி. இதைத் தனியாகப் பார்க்கக் கூடாது, ட்ரிகர் வகையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்ட்ரைக்கர் வகையில் (சுத்தியல் இல்லாமல் உள்ளே இருக்கும் ஊசியே பாய்ந்து அடிக்கும்), கிளாக் போல, ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தம், சுமார் 2.5 கிலோ. வெளியே லீவர் கிடையாது. ட்ரிகரின் முகத்தில் உள்ள நாக்கு, ஊசித்தடை, விழுந்தால் வெடிக்காமல் காக்கும் தடை என்று மூன்று தடைகள் தாமாகவே வேலை செய்கின்றன. கீழே போட்டால் வெடிக்காது. ஆனால் ட்ரிகரை எது அழுத்தினாலும் வெடிக்கும்: விரல், சட்டை நுனி, பையில் கிடக்கும் சாவி. விரல் ஒழுக்கம்தான் இங்கே சேஃப்டி. புதியவருக்கு இது ஆபத்து என்று நான் நினைக்கவில்லை, எல்லா முறையும் ஒரே மாதிரி அழுத்தம் என்பது கற்பதற்குப் பெரிய வசதி.

டி.ஏ./எஸ்.ஏ. (டபுள் ஆக்‌ஷன்/சிங்கிள் ஆக்‌ஷன்) வகையில், பெரெட்டா 92, சி.இசட். 75 போல, முதல் முறை ட்ரிகர் ஹேமரையும் (ஊசியை அடிக்கும் சுத்தியல்) தூக்க வேண்டும். நீண்ட இழுப்பு, 4.5 முதல் 5.5 கிலோ வரை. இரண்டாவதிலிருந்து குட்டை இழுப்பு, 2 முதல் 2.5 கிலோ. ஒரே துப்பாக்கியில் இரண்டு ட்ரிகர் கற்க வேண்டும். அதோடு, குட்டை விரலுக்கு அந்த முதல் இழுப்பில் ட்ரிகர் வெகு தூரம் முன்னால் நிற்கும். நேர்கோடு சொன்ன விரல் சோதனையை ஹேமர் இறங்கிய நிலையிலும் செய்து பாருங்கள். பெரெட்டா 92 இங்கேதான் பெரும்பாலான சின்னக் கைகளிடம் தோற்றுப்போகும். ஸ்லைடு வெண்ணெய் போல ஓடும், ஆனால் பிடி தடிமன்.

சி.இசட். 75 பி-க்கு ஒரு தப்பும் வழி உண்டு. ஹேமர் ஏறிய நிலையிலேயே சேஃப்டியைப் போடலாம், அதனால் முதல் குண்டையும் குட்டை இழுப்பிலேயே தொடங்கலாம். இதில் கவனிக்க வேண்டியது, 75 பி-இல் டீகாக்கர் (ஹேமரைப் பாதுகாப்பாக இறக்கும் லீவர்) கிடையாது. உயிருள்ள தோட்டா சேம்பரில் இருக்கும்போது ஹேமரை இறக்க வேண்டுமானால் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு ட்ரிகரை அழுத்த வேண்டும். வழுக்கினால் வெடிக்கும். புதியவர் இதைச் செய்யவே கூடாது. மேகசினைக் கழற்றி, சேம்பரைக் காலி செய்து, பிறகு இறக்குங்கள். டீகாக்கர் வேண்டுமென்றால் 75 பி.டி. என்று தனி மாடலே இருக்கிறது. பி-07, பி-09 மாடல்களில் சேஃப்டியா டீகாக்கரா என்று உதிரிபாகத்தை மாற்றிக்கொள்ளலாம்.

1911 என்ற பழைய பிஸ்டல் மாடல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். ட்ரிகர் அருமை, பிடி மெலிது, சின்னக் கைக்கும் பொருந்தும். ஆனால் மேகசின் உதடு, எக்ஸ்ட்ராக்டர் (கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) இறுக்கம் எல்லாம் சரியாக இருந்தால்தான் ஒழுங்காக ஓடும். கழற்றி மாட்டுவதும் கூடுதல் வேலை. இரண்டாவது துப்பாக்கியாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிரை ஃபயர் பேச்சு வந்ததால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சி.இசட். 75 பி-இல் ஊசியைப் பிடித்து வைக்கும் சுருள் பின் உண்டு. ஆயிரக்கணக்கில் காலியாக அழுத்தினால் அது உடையும். போலித் தோட்டா போட்டே பழகுங்கள்.

---

புதுவிரல்:

மூவருக்கும் மிக்க நன்றி. ஒரே ஒரு உரிமம்தான் என்பதால் 9 எம்எம் பக்கம் சாய்கிறேன். கழகத்தின் துப்பாக்கிகளைக் கையில் எடுத்துச் சோதித்ததில் கிளாக் 19 சிறிய தகட்டோடு விரல் சரியாக உட்காருகிறது, சி.இசட். 75 ஹேமர் ஏறிய நிலையில் மட்டும் எட்டுகிறது. ஆனால் இரண்டிலுமே ஸ்லைடை இழுக்க முடியாமல் திணறுகிறேன், சி.இசட்.டில் ரொம்பவே. வலு இல்லாததா, முறை தெரியாததா? இன்னொன்று, பயன்படுத்தியது வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?

---

நேர்கோடு:

பெரும்பாலும் முறைதான். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஸ்லைடின் பின்முனையைக் கிள்ளி இழுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் விரல் வலு மட்டுமே வேலை செய்யும்.

துப்பாக்கியை மார்புக்கு அருகே, முழங்கை மடங்கிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். இன்னொரு கையை ஸ்லைடின் மேலே கவிழ்த்து, நான்கு விரல்களும் ஒரு பக்கம், உள்ளங்கையின் அடிப்பகுதி மறுபக்கம் என்று பின்பக்க வரிப்பள்ளங்களை இறுக்கிப் பிடியுங்கள். கூடு வெளியேறும் துளையை மூடக் கூடாது. ஸ்லைடு பிடித்த கையை அசையாமல் நிறுத்தி, பிடியைப் பிடித்த கையால் துப்பாக்கியை முன்னால் குத்துவது போலத் தள்ளுங்கள். தோளும் முதுகும் சேர்ந்து வேலை செய்யும். முழுதாகப் பின்னால் வந்ததும் கையைச் சட்டென்று விட்டுவிடுங்கள். ஸ்லைடோடு கூடவே கையை முன்னால் கொண்டுபோனால் தோட்டா முழுதாக இறங்காமல் பாதியில் நிற்கும், புதியவர்களுக்குத் துப்பாக்கி சிக்குவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கரிசனம்தான்.

ஒரே ஓர் எச்சரிக்கை. இந்த அசைவில் துப்பாக்கி தானாகப் பக்கவாட்டில் திரும்பும், பக்கத்தில் நிற்பவரைக் குழல் பார்க்கும். துப்பாக்கியைத் திருப்பாதீர்கள், உடம்பைத் திருப்புங்கள். குழல் இலக்கையே பார்க்கட்டும், விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே இருக்கட்டும்.

சி.இசட்.டில் கூடுதல் கஷ்டம் உங்கள் குறையில்லை. அதன் ஸ்லைடு ஃப்ரேமின் (பிடியோடு சேர்ந்த கீழ்ப்பகுதி) உள்பக்கத் தண்டவாளத்தில் ஓடுகிறது, வெளியே பிடிக்கக் கிடைக்கும் உயரம் மற்றவற்றை விடக் குறைவு. ஹேமர் வெளியே தெரியும் எந்தத் துப்பாக்கியிலும் முதலில் ஹேமரைக் கட்டைவிரலால் ஏற்றிவிட்டு ஸ்லைடை இழுத்துப் பாருங்கள். ஹேமர் ஸ்பிரிங்கை அழுத்தும் வேலை போய்விடுவதால் பாரம் கணிசமாகக் குறையும்.

இத்தனைக்குப் பிறகும் முடியவில்லை என்றால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்ட் ஈ.இசட். வகையைப் பாருங்கள். உள்ளே ஹேமர் வைத்து, ஸ்லைடு ஸ்பிரிங்கை இளக்கிச் செய்திருக்கிறார்கள். பிடியின் பின்னால் அழுத்தினால்தான் சுடும் சேஃப்டியும் அதில் உண்டு. ஆனால் கிளாக் 19 அளவுக்குப் போட்டிக்குப் பொருந்தாது. அதனால் இது கடைசி வழி.

மேகசின் நிரப்புவதும் விரலைத் தின்னும். லோடர் ஒன்று வாங்கிவிடுங்கள். புதிய மேகசினில் கடைசி இரண்டு தோட்டா ஏறாமல் அடம்பிடிக்கும்; 15 கொள்ளும் மேகசினில் முதல் சில வாரம் 10 போட்டால் போதும்.

---

துருநீக்கி:

பயன்படுத்தியதைப் பற்றி. காலி என்று உறுதி செய்து, கழற்றச் சொல்லி, குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். குழலின் உட்புறச் சுருள் வரிகளின் மேல் இருண்ட மோதிரம் போல ஒரு வளையம் தெரிந்தால், உள்ளே சிக்கிய குண்டின் மேல் இன்னொன்றைச் சுட்டிருக்கிறார்கள், குழல் உப்பியிருக்கிறது. அந்தத் துப்பாக்கியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் விளிம்பு உடையாமல் கூராக இருக்க வேண்டும். தண்டவாளங்களில் பளபளப்பு சகஜம், விரிசல் கூடாது. மேகசின் உதடுகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்.

ஸ்பிரிங் சோதனை கிளாக்கில் இப்படி: காலியான துப்பாக்கியை 45 டிகிரி மேல்நோக்கிப் பிடித்து, ட்ரிகரை அழுத்திப் பிடித்தபடியே ஸ்லைடை இழுத்து மெதுவாக விடுங்கள். முன்னால் போய் முழுதாக மூட வேண்டும். பாதியில் நின்றால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது. அது பெரிய குறையில்லை, மாற்றும் பாகம்தான்.

இன்னொரு சோதனை எல்லா மாடலுக்கும்: ட்ரிகரை அழுத்தி விடாமல் பிடித்துக்கொண்டு ஸ்லைடை ஒருமுறை இழுத்து விடுங்கள். இப்போது ட்ரிகரை மெல்லத் தளர்த்தினால் "கிளிக்" என்று மீண்டும் பிடிபட வேண்டும், அதன் பிறகுதான் அடுத்த அழுத்தத்துக்கு விடுபட வேண்டும். பிடிபடவில்லை என்றால் வாங்காதீர்கள்.

கிளாக் எடுப்பது என்று முடிவானால் இதை நினைவில் வையுங்கள்: சுத்தம் செய்யக் கழற்றும் முன் ட்ரிகரை அழுத்தியே ஆக வேண்டும். மேகசினை எடுக்கும் முன் ஸ்லைடை இழுத்தால் ஒரு தோட்டா வெளியே விழும், அடுத்தது உள்ளே ஏறும். காலி என்று நம்பி அழுத்துவீர்கள். மேகசின் முதலில், ஸ்லைடு பிறகு, கண்ணும் விரலும் அதன் பிறகு. இந்த வரிசை ஒருநாளும் மாறக் கூடாது. எண்ணெய் அளவாக: தண்டவாளத் தொடுமுனைகளில் ஒவ்வொரு துளி, குழலின் வெளிப்பக்கம் லேசான பூச்சு. ஸ்ட்ரைக்கர் ஓடும் துளைக்குள் எண்ணெய் விடவே விடாதீர்கள். கரியோடு கலந்து பசையாகி ஊசியின் அடி பலவீனமாகும், தோட்டா வெடிக்காது.

முதல் 200 தோட்டாவைக் கழகப் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது சுடுங்கள். தொழிற்சாலையில் செய்த 115 அல்லது 124 கிரெயின் முழு உறைக் குண்டு. வீட்டில் நிரப்பிய தோட்டா வேண்டாம், பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அதற்கு உத்தரவாதமும் தருவதில்லை. முதல் நாள் 5 மீட்டர், மேகசினில் ஒரே ஒரு தோட்டா. அது நன்றாக வந்த பிறகு இரண்டு, பிறகு ஐந்து. மேகசின் குறைந்தது மூன்று வாங்கி, அடியில் 1, 2, 3 என்று எழுதிவிடுங்கள். சிக்கல் ஒரே எண்ணில் திரும்பத் திரும்ப வந்தால் குற்றவாளி மேகசின், எல்லாவற்றிலும் வந்தால் துப்பாக்கி அல்லது உங்கள் பிடி.

பிடியால் வருவது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியேறிய கூடு துளையில் புகைபோக்கி மாதிரி செங்குத்தாக நின்றால் முதலில் மணிக்கட்டைச் சந்தேகப்படுங்கள். எடை குறைந்த பாலிமர் ஃப்ரேமில் மணிக்கட்டு தளர்ந்திருந்தால் ஃப்ரேமும் ஸ்லைடோடு பின்னால் போய்விடும். ஸ்லைடு ஓட வேண்டிய தூரம் ஓடாது. கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு பின்னால் நிற்காவிட்டால் உங்கள் கட்டைவிரல் ஸ்லைடு லீவரின் மேல் படுத்திருக்கிறதா என்று பாருங்கள், பத்தில் எட்டு தடவை அதுதான். சின்னக் கையில் இது இன்னும் அதிகம் நடக்கும்.

சத்தம் வழக்கத்தை விட மந்தமாக, உதையே இல்லாமல் "புஸ்" என்று கேட்டால் உடனே நிறுத்துங்கள். சிக்கலை எடுக்க மேகசினைத் தட்டி ஸ்லைடை இழுக்கும் பழக்கம் கைக்கு வந்திருக்கும், அதை இங்கே செய்துவிடக் கூடாது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். துப்பாக்கியைக் காலி செய்து, கழற்றி, குழலில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த தோட்டா.

காதுக்கு இரண்டு அடுக்கு போடுங்கள், உள்ளே நுரை அடைப்பான், மேலே காதுமூடி. 9 எம்எம் பிஸ்டலின் உச்சச் சத்தம் 160 டெசிபல் அளவில் இருக்கும். 140-ஐத் தாண்டினாலே ஒரே வெடியில் செவித்திறன் கெடலாம். மூடிய கூடத்தில் ஒரு அடுக்கு போதாது, மேலும் சத்தம் குறையக் குறைய உடல் சுருங்குவதும் குறையும். பக்கவாட்டை மறைக்கும் கண்ணாடி அவசியம், கழுத்து மூடிய சட்டையும் போடுங்கள். சூடான கூடு சட்டைக்குள் விழுந்தால் கையில் துப்பாக்கியோடு துள்ளுவது எல்லோருக்குமே ஆபத்து. சுட்டு முடித்ததும் எதையும் சாப்பிடும் முன் கையையும் முகத்தையும் குளிர்ந்த நீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள், ஈயத்தூள் ஒட்டியிருக்கும்.

வீட்டில் பூட்டிய பெட்டி, தோட்டா வேறு பூட்டில், சாவி உங்களிடம் மட்டும். டிரை ஃபயர் செய்யும் அறைக்குள் உயிருள்ள தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. தினமும் 10 நிமிடம் போதும். முன்குறியின் பின்னால் ஸ்லைடின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் ட்ரிகர் விடுபடும் வரைக்கும் அழுத்திப் பழகுங்கள். இருபது தடவை தொடர்ந்து விழாமல் நின்ற பிறகு இலக்கை 7 மீட்டருக்குத் தள்ளலாம்.

---

இருபத்திரண்டு:

உங்கள் கழகத்தில் .22 வாடகைக்கோ பொதுப் பயன்பாட்டுக்கோ இருந்தால், கிளாக் வந்த பிறகும் ஒவ்வொரு நாளும் முதல் 30 தோட்டாவை அதில் சுட்டுவிட்டு 9 எம்எம்மை எடுங்கள். கடைசி 10 தோட்டாவையும் .22-இலேயே முடியுங்கள். இன்னொரு உரிமம் தேவையில்லை. 9 எம்எம்மில் பயிற்சியாளரிடம் மேகசினைக் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் நடுவில் இரண்டு போலித் தோட்டா கலந்து நிரப்பித் தரச் சொல்லுங்கள். போலி வரும் இடத்தில் குழல் முனை கீழே குத்தினால் உடல் சுருங்குகிறது. அன்றைக்கு அதற்கு மேல் 9 எம்எம் சுடாமல் .22-க்குத் திரும்பிவிடுங்கள்.